ஸ்பெஷல் நாடக ஆர்மோனியம்
20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வகை

காலால் மிதித்துக் காற்றூட்டி, இரு கைகளாலும் வாசிப்பது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒன்றுகூடி விடியும்வரை நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு இதுவே ஆதாரம். வாசிப்பவரே பின்பாட்டும் பாடுவார்.

சிவகாசியில் 1886-இல் பிறந்த நடிகர் விஸ்வநாத தாஸ் ஸ்பெஷல் நாடக மேடையிலிருந்தே வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தார். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு எழும். எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். அந்தக் கொக்கு யாரென்று கூட்டத்துக்கும் தெரியும், காவலருக்கும் தெரியும். நாடகங்களைத் தடுக்க அரசின் கையில் 1876-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. வேடம் கலைக்கும் முன்பே தாஸ் கைதானதுண்டு. விடுதலையானதும் மீண்டும் பாடினார். முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவருடன் நடிக்க மறுத்தோரும் இருந்தனர். சிறையைவிட இது கொடியது.

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடும்போதே அவர் இறந்தார். திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் உள்ளது. தென்மாவட்டத் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ இன்றும் இரவு முழுக்க நடக்கிறது.