விற்பனைக்கு வந்த வீட்டில் குடியிருப்போர் கவனத்துக்கு

திருப்பதி மாவட்டத்தின் தென்கிழக்கு எல்லையில், தமிழ்நாட்டை ஒட்டி அமைந்துள்ளது வரதய்யபாளையம். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வரதய்யபாளையம், சத்தியவேடு ஆகிய மண்டலங்களில் பரந்துள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குள்ள தொழிற்சாலைகளில் பணிபுரியும் பலர் சுற்றுவட்டார ஊர்களில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். தொழில் வளரும் இடத்தில் நிலமும் வீடும் கைமாறுவது இயல்பே. வீடு விற்பனைக்கு வரும்போது விற்பவரும் வாங்குபவரும் தத்தம் நலனைப் பார்த்துக்கொள்வர். உள்ளே குடியிருக்கும் குடும்பத்தின் அச்சத்தைக் கேட்பவர் அரிது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு இரவுப் பணி. வீட்டில் மனைவி, பள்ளி செல்லும் குழந்தை, வயது முதிர்ந்த தாயார். வீட்டு உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். ஒரு நாள் வாயிற்கதவில் 'விற்பனைக்கு' என்ற பலகை தொங்குகிறது. மறுநாள் முதல் தரகர் யாரையேனும் அழைத்து வருகிறார். சிலர் தரகரின் பெயரைச் சொல்லித் தனியாகவும் வருகின்றனர். சிலர் அறைகளைக் கைப்பேசியில் படம் எடுக்கின்றனர். உரிமையாளரிடம் இருந்த மாற்றுச் சாவி இப்போது எவர் கையில் உள்ளது என்பது தெரியவில்லை. இந்நிலையில் அக்குடும்பம் உறக்கம் இழப்பதை வீண் அச்சம் என்று ஒதுக்க இயலாது. எனினும், எதற்கு அஞ்ச வேண்டும், எதனைச் சீர்செய்யலாம் என்று பிரித்தறிந்தால் பெரும்பகுதிக் கவலை நீங்கும்.

மாறியவை மூன்று

வீடு விற்பனைக்கு வருவதால் பாதுகாப்பில் மூன்று மாற்றங்கள் நேர்கின்றன. முதலாவது, வீட்டின் உள்ளமைப்பை அறிந்தோர் எண்ணிக்கை பெருகுகிறது. பீரோ எந்த அறையில் உள்ளது, பின்கதவுத் தாழ்ப்பாள் எத்தகையது, வீட்டில் பகலில் யார் இருப்பர் என்பன அறிமுகமற்றோருக்குத் தெரியவருகின்றன. இரண்டாவது, சாவி பல கைகளுக்குச் செல்கிறது. மூன்றாவது, வாசலில் புதியவர் நிற்பது அக்கம்பக்கத்தாருக்குப் பழகிப்போகிறது. பொதுவாக அயலாரைக் கண்டால் வினவும் அண்டை வீட்டார், 'வீடு பார்க்க வந்தவர்' என்று எண்ணி வாளாவிருப்பர். பின்வரும் ஏற்பாடுகள் அனைத்தும் இம்மூன்றையும் அடைப்பதற்கானவையே.

சட்டம் தரும் காப்பு

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இவ்விடத்தில் அடிப்படையானது. வாடகையைச் செலுத்தி, ஒப்பந்த நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும் வரையில் குடியிருப்பவர் இடையூறின்றி வீட்டை அனுபவிக்கலாம் என்பதை அச்சட்டத்தின் 108ஆம் பிரிவு உரிமையாளரின் உறுதிமொழியாகவே கொள்கிறது. அதே பிரிவு, உரிமையாளரும் அவருடைய முகவரும் நியாயமான நேரங்களில் வீட்டின் நிலையைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும் என்ற கடமையைக் குடியிருப்பவர்மீது சுமத்துகிறது. ஆகவே பார்வையை அடியோடு மறுப்பதும் முறையன்று; முன்னறிவிப்பின்றி நுழைவதும் முறையன்று. மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், நுழைவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து வடிவில் அல்லது மின்னணு வழியில் அறிவிக்க வேண்டும் என்று கூறுகிறது. மாநிலங்கள் ஏற்று இயற்றினாலன்றி அது நேரடியாகச் செல்லாது. ஆயினும் இரு தரப்பும் உடன்பட ஏற்ற அளவுகோல் அது.

வீடு விற்கப்பட்டதால் மட்டுமே குடியிருப்பு முடிந்துவிடுவதில்லை. 109ஆம் பிரிவின்படி, வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். ஒப்பந்தக் காலம் எஞ்சியிருப்பின் அவர் அதனை மதிக்க வேண்டும். மாதாந்தர வாடகையாயின், வேறு உடன்பாடு இல்லாதபோது 106ஆம் பிரிவு 15 நாள் அறிவிப்பைக் கோருகிறது. சட்ட நடைமுறையின்றி எவரேனும் வெளியேற்றினால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ், ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து அனுபோகத்தை மீட்கலாம். மாநில வாடகைச் சட்டம் கூடுதல் பாதுகாப்பு அளிக்கக்கூடும். அதனை வழக்கறிஞரிடம் கேட்டறிவது நன்று. பெண்களும், பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள்; 15100 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும்.

பார்க்க வருவோரை ஏற்கும் முறை

வாய்ச்சொல்லை விட எழுத்து மேலானது. உரிமையாளருக்குக் கடிதமாகவோ கைப்பேசிச் செய்தியாகவோ பின்வருமாறு அனுப்பலாம்:

'ஐயா, வீட்டை விற்பதற்கு எங்களால் இயன்ற ஒத்துழைப்பை அளிப்போம். வீடு பார்க்க வருவோரை ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரையிலும், புதன்கிழமை மாலை 4 மணி முதல் 6 மணி வரையிலும் அழைத்து வரக் கோருகிறோம். வருவோரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் ஒரு நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். தாங்களோ தாங்கள் குறிப்பிடும் ஒரு தரகரோ உடன் வர வேண்டும். எங்கள் பொருள்கள் தெரியுமாறு படம் எடுக்க வேண்டாம். எங்களிடம் உள்ளவை தவிர எத்தனை சாவிகள், யாரிடம் உள்ளன என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.'

இதில் பகைமை தொனிக்கும் சொல் ஏதும் இல்லை. உரிமையாளருக்கும் இது நன்மையே. உண்மையாக வாங்க விரும்புவோர் மட்டுமே குறித்த நேரத்தில் வருவர்.

குறித்த நேரத்தில் வீட்டில் இரு பெரியவர்களாவது இருத்தல் வேண்டும். இயலாவிடில் அண்டை வீட்டார் ஒருவரைத் துணைக்கு அழைக்கலாம். வந்தவர்களை ஒரே குழுவாக, ஓர் அறை முடிந்தபின் அடுத்த அறை என அழைத்துச் செல்லவும். ஒருவர் கூடத்தில் பேச்சுக் கொடுக்க மற்றவர் தனியே உள்ளே செல்ல இடம் தரலாகாது. வருவதற்கு முன் நகை, ரொக்கம், காசோலைப் புத்தகம், கடவுச்சீட்டு, கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றைப் பூட்டி வைக்கவும். நாட்காட்டியில் எழுதிய ஊர்ப் பயணத் தேதிகளும் பிறர் கண்ணில் படலாகாது. தரகர் பெயரைச் சொல்லி முன்னறிவிப்பின்றி வருவோரிடம், கிராதியைத் திறக்காமலே, 'உரிமையாளர் வழியாக நேரம் கேட்டு வாருங்கள்' என்று சொல்லி அனுப்புவது அவமரியாதை ஆகாது.

வாங்குபவர் வீட்டுக் கடன் கோரினால், வங்கி நியமித்த மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்வையிட வருவார். அவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். ஐயம் எழுந்தால், வந்தவர் தரும் எண்ணை விடுத்து, வங்கியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணில் கிளையை அழைத்து உறுதி செய்துகொள்ளவும். அவருடைய பணிக்குக் குடியிருப்பவரின் வங்கிக் கணக்கு விவரமோ ஒருமுறைக் கடவுச்சொல்லோ தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் மதிப்பீட்டாளர் அல்லர்.

பூட்டும் சாவியும்

வெளிக் கிராதிக்குச் சொந்தமாக ஒரு நல்ல பூட்டு வாங்குவது மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது. கதவோடு பொருத்திய பூட்டை மாற்றுவதாயின் உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெறவும். பழைய பூட்டை எறிந்துவிடாமல் வைத்திருந்து, காலி செய்யும்போது மீண்டும் பொருத்தித் தரலாம். கூடுதல் தாழ்ப்பாள், கதவில் பார்வைத் துளை, வாசலில் அசைவுணர் விளக்கு, சிறு கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றைக் குடியிருப்பவர் தம் செலவில் பொருத்தினால், வீட்டைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பி ஒப்படைக்கும் நிபந்தனையோடு, அனுபோகத்தில் இருக்கும் காலத்துக்குள் அவற்றைக் கழற்றி எடுத்துச் செல்லச் சட்டம் இடமளிக்கிறது.

பூட்டிய வீட்டுக்குக் காவல்

பொங்கலுக்கோ திருமணத்துக்கோ ஊருக்குச் செல்லும் நாள்களே பெருங்கவலை தருபவை. ஆந்திரப் பிரதேசக் காவல் துறை இதற்கென 'எல்.எச்.எம்.எஸ்.' எனப்படும் பூட்டிய வீடு கண்காணிப்புச் சேவையை இலவசமாக வழங்குகிறது. கைப்பேசிச் செயலியில் பதிவு செய்து, வீடு பூட்டியிருக்கும் நாள்களைக் குறிப்பிட்டுக் கோரிக்கை அளிக்க வேண்டும். காவலர் வந்து அசைவை உணரும் கேமராவைப் பொருத்துவர். உள்ளே நடமாட்டம் தெரிந்தால் காவல் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை செல்லும். இச்சேவை உங்கள் ஊரில் கிடைப்பதையும் கேமரா இருப்பையும் காவல் நிலையத்தில் முன்னதாகவே கேட்டறிந்துகொள்ளவும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அந்நாள்களில் உரிமையாளரோ தரகரோ மாற்றுச் சாவியால் திறந்தாலும் எச்சரிக்கை ஒலிக்கும். எனவே, 'இன்ன தேதி வரை வீடு காவல் துறைக் கண்காணிப்பில் உள்ளது; எவரையும் அழைத்து வர வேண்டாம்' என்று உரிமையாளருக்கு மட்டும் முன்னரே தெரிவிக்கவும். இச்செய்தியே சாவியைக் கண்டபடி கைமாற்றுவதைத் தடுத்துவிடும். அவசர நிலையில் 112 என்ற எண்ணை அழைக்கவும்.

நகையும் ஆவணமும்

வீட்டில் அறிமுகமற்றோர் நடமாடும் காலத்தில் நகைகளுக்கு ஏற்ற இடம் வங்கிப் பாதுகாப்புப் பெட்டகமே. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேரின், வங்கியின் பொறுப்பு பெட்டக ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை ஆகும். ஆண்டு வாடகை ரூ. 2,000 எனில், உச்ச அளவு ரூ. 2,00,000. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாத நிலையில், அப்பொறுப்பு பொருந்தாது. நகையின் மதிப்பு இதனினும் மிகுமாயின் தனிக் காப்பீடு பற்றிச் சிந்திக்க வேண்டும்.

வீட்டுப் பொருள்களைக் காப்பீடு செய்ய வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் வழங்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' திட்டத்தில் பொருள்களுக்கு மட்டும் காப்பீடு பெறலாம். ஆனால் அது தீ, புயல், வெள்ளம் முதலியவற்றுக்கானது. அத்தகைய நிகழ்வைத் தொடர்ந்து ஏழு நாள்களுக்குள் நேரும் திருட்டை மட்டுமே அது உள்ளடக்கும். கன்னக்களவுக்குத் தனிக் காப்பீடு வேண்டும். அதிலும் பல ஒப்பந்தங்கள் பூட்டோ கதவோ உடைக்கப்பட்டதற்கான அடையாளத்தை எதிர்பார்க்கின்றன. மாற்றுச் சாவியால் திறந்து களவாடப்பட்டால் இழப்பீடு பெறுவது கடினமாகலாம். சாவிக் கணக்கை நேர்செய்வது இக்காரணத்தாலும் இன்றியமையாதது. பொருள்களின் படங்களையும் வாங்கிய ரசீதுகளையும் தொகுத்து வைத்திருப்பது புகாருக்கும் கோரிக்கைக்கும் உதவும்.

உரிமையாளர் மாறும் நாள்

திடீரென ஒருவர் வந்து, 'இனி வாடகையை என்னிடம் தாருங்கள்' எனக் கூறினால் உடனே தர வேண்டாம். பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தின் நகலையும் பழைய உரிமையாளரின் எழுத்துவழி அறிவிப்பையும் கேட்கவும். பதிவுத் துறையில் வில்லங்கச் சான்று பெற்றும் சரிபார்க்கலாம். விற்பனை நடந்ததை அறிய வாய்ப்பின்றிப் பழையவரிடமே செலுத்திய வாடகையை மீண்டும் செலுத்த வேண்டியதில்லை என்று 109ஆம் பிரிவு காக்கிறது. வாடகையை வங்கிக் கணக்கு வழியே செலுத்தி வந்திருந்தால், இதற்குச் சான்று தானாகவே அமையும்.

முன்பணத்திலும் இதே விழிப்பு வேண்டும். பழைய உரிமையாளர் விற்றுவிட்டதால் மட்டுமே தம் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. புதியவரைப் பொறுப்பாளராக ஏற்பது குடியிருப்பவரின் விருப்பம். ஆதலால் முன்பணம் எவ்வளவு, அது புதியவர் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை மூவரும் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தில் பதிவு செய்தபின்னரே அம்மாற்றத்தை ஏற்கவும். அதே நாளில் மாற்றுச் சாவிகள் அனைத்தையும் எண்ணிப் பெற்றுக்கொள்வதும் பொருத்தமே.

முன்னர்க் கூறிய குடும்பத்தை மீண்டும் நினைவுகூர்வோம். ஒரு கடிதம், ஒரு பூட்டு, ஒரு பெட்டகம், ஒரு செயலிப் பதிவு ஆகிய நான்கையும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். அதன்பின் இரவுப் பணிக்குப் புறப்படும் கணவர், கதவைத் திறக்கும் உரிமை தம் வீட்டாரிடமே உள்ளது என்ற நிறைவோடு செல்லலாம். வீடு எவருக்கு விற்கப்பட்டாலும், குடியிருக்கும் நாள்வரை அது அவர்களின் இல்லமே.