மடியில் குழந்தை வேண்டாம்!

அசிங்கமான வாத்துக்குஞ்சு அன்னமாகிற கதையை உங்கள் வீட்டு வாண்டுக்கு ஒரு தடவையாவது சொல்லியிருப்பீர்கள். சோறு ஊட்டுகிறபோது கைகொடுக்கிற கதை ஆயிற்றே! அதை எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் டென்மார்க் நாட்டுக்காரர். 1805-ல் ஓடன்ஸே என்ற ஊரில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர். அம்மா ஊரார் துணிகளைத் துவைத்துப் பிழைத்தவர்.

1875-ல் ஆண்டர்சனுக்கு 70 வயது நிறைந்தபோது, தலைநகர் கோபன்ஹேகனில் அவருக்குச் சிலை வைக்கப் பணம் திரட்டினார்கள். உயிரோடு இருக்கும்போதே சிலை! சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் மாதிரி உருவத்தைப் பார்த்ததும் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. அவரைச் சுற்றிக் குழந்தைகளை வைத்திருந்தார் சிற்பி. முதுகிலும் மடியிலும் பிள்ளைகள் இருந்தால் தன்னால் கதையே படிக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். (காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையோடு தாளிக்கிற நமக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்!)

உண்மைக் காரணம் வேறு. தான் குழந்தைகளுக்கு மட்டும் எழுதியவன் அல்ல, பெரியவர்களுக்கும்தான் என்பது அவர் கட்சி. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அவருடைய கதை ஒன்றில், சலவைக்காரி ஒருத்தி குளிர்ந்த ஆற்றில் நின்று துணி துவைக்கிறாள். குளிர் தாங்க கொஞ்சம் சாராயம் குடிப்பாள். ஊர்ப் பெரிய மனிதர் அவளை 'உதவாக்கரை' என்கிறார். மகனுக்காக உழைத்து உழைத்தே அவள் செத்துப்போகிறாள். தன் தாயை நினைத்து அவர் எழுதிய கதை இது. இதைச் சோறு ஊட்டும்போது சொல்ல முடியுமா, சொல்லுங்கள்?

அந்த வருஷமே ஆகஸ்டில் ஆண்டர்சன் காலமானார். 1880-ல் கோபன்ஹேகன் அரச தோட்டத்தில் சிலை திறக்கப்பட்டது. செய்தவர் ஆகஸ்ட் ஸாபி. ஒரு கையில் புத்தகம், மறு கையை நீட்டியபடி தனியாக உட்கார்ந்திருக்கிறார் ஆண்டர்சன். பக்கத்தில் ஒரு குழந்தைகூடக் கிடையாது!

ஆனால் 1956-ல் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் இன்னொரு வெண்கலச் சிலை வைத்தார்கள். மடியில் விரித்த புத்தகம், காலடியில் ஒரு வாத்து. வாண்டுகள் விடுமா? மடிமேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்! கோடைக்காலச் சனிக்கிழமைகளில் அந்தச் சிலையருகே கதை சொல்லும் வழக்கமும் உண்டு. பிள்ளைகளை அழைத்து வருகிற அம்மாக்களும் பாட்டிமார்களும் கூடவே உட்கார்ந்து கேட்கிறார்கள்.