சட்டத்தைத் துணைக்கழைத்த வனுவாட்டு

தென் பசிபிக் கடலில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் பரந்திருக்கும் நாடு வனுவாட்டு. மக்கள்தொகை ஏறத்தாழ 3 லட்சம். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் இந்நாட்டின் பங்கு மிகச் சொற்பம். பருவநிலை மாற்றத்தால் படும் பாடோ மிகப் பெரிது. 2015 மார்ச்சில் வீசிய பாம் புயலின் சேதமும் இழப்பும் நாட்டின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 64 சதவீதத்துக்குச் சமம். 2023 மார்ச்சில் ஜூடி, கெவின் என்னும் இரு புயல்கள் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துத் தாக்கின.

பருவநிலை மாற்றத்தையும் பேரிடர் மேலாண்மையையும் வனுவாட்டு தனித்தனியாகப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே தேசிய ஆலோசனைக் குழு, ஒரே கொள்கை. 2030க்குள் மின்சாரம் முழுவதையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெறுவது இலக்கு. வடகோடியில் உள்ள டெகுவா தீவில், வெள்ளம் அடிக்கடி புகுந்த லடாவ் கிராமம் 2005 வாக்கில் கரையிலிருந்து உள்ளே இடம்பெயர்ந்தது. அங்கே கடல்மட்டம் உயர்ந்ததோடு, புவித்தட்டுகளின் அசைவால் தரையும் தாழ்ந்துவந்ததைப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. இத்தகைய இடப்பெயர்வுகளில் மக்களின் உரிமைகளைக் காக்க 2018இல் தனிக் கொள்கையே வகுக்கப்பட்டது.

ஆனால் புயலின் வேகத்தைக் கூட்டும் வெப்பத்தைத் தனியொரு சிறிய நாடு தணித்துவிட முடியாது. அதனால் சிறு தீவு நாடுகளின் கூட்டமைப்பில் வனுவாட்டு தொடக்கம் முதலே முன்னின்றது. கடல்மட்ட உயர்வால் நேரும் இழப்பை ஈடுசெய்ய, தொழில்வள நாடுகள் பணம் செலுத்தும் காப்பீட்டு நிதி வேண்டும் என்று 1991இல் அக்கூட்டமைப்பின் சார்பில் முன்மொழிந்ததும் இந்நாடுதான். இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் அமைக்க உலக நாடுகள் இசைந்தது 2022இல், எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில். இடையே 31 ஆண்டுகள் ஓடிவிட்டன.

பேச்சுவார்த்தை இப்படி இழுத்தடிக்கப்பட்டபோது, சட்டத்தின் வழி திறந்தது. 2019இல், தலைநகர் போர்ட் விலாவில் உள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர், பருவநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்கலாம் என்றனர். அரசு அந்த யோசனையை ஏற்று நாடு நாடாக ஆதரவு திரட்டியது. 2023 மார்ச் 29 அன்று நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச் சபை ஒருமனதாக நிறைவேற்றியபோது, 130க்கும் மேற்பட்ட நாடுகள் அதை இணைந்து முன்மொழிந்திருந்தன.

2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரில் நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. அதில் தவறுவது சர்வதேசச் சட்ட மீறலாகலாம். உரிய காரணத் தொடர்பு நிறுவப்பட்டால் பாதிக்கப்பட்ட நாடு முழு இழப்பீடு கோரலாம் என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். கருத்துரை தீர்ப்பைப்போல் கட்டுப்படுத்தாது. எனினும், இனி தீவு நாடுகள் பேச்சுவார்த்தை மேசையில் உதவி கேட்டு மட்டும் நிற்க வேண்டியதில்லை, உரிமையாகவே கேட்கலாம்.