சோப்பு மணக்கட்டும்... சருமம் எரிய வேண்டாம்!

தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வைத்து வீட்டிலேயே சோப்பு போடக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். கட்டியும் நன்றாக வந்துவிட்டது, நுரையும் வருகிறது. ஆனால் முகர்ந்து பார்த்தால்... ஒன்றுமே இல்லை! "கடைச் சோப்பு மாதிரி கமகமன்னு இருக்க வேண்டாமா?" என்று வீட்டில் ஒரு குரல் எழும். அடுத்த தடவை பீரோவில் இருக்கும் சென்ட் பாட்டிலைக் கவிழ்க்கலாமா என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்!

சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால். கலவையில் விட்டால் சட்டென்று இறுகி, அச்சில் ஊற்றவே விடாது. சரி, மல்லிகைப் பூவையே போட்டால்? காஸ்டிக் சோடா பூவைச் சும்மா விடுமா! இதழ்கள் பழுப்பாகிவிடும், வாசனை போயே போச்சு. பன்னீர் கதையும் அதேதான்.

மிஞ்சுவது வெட்டிவேர் எண்ணெய், புல் தைலம், லாவெண்டர் போன்ற வாசனை எண்ணெய்கள். கலவை தோசை மாவுப் பதத்துக்கு வரும்போது, கடைசியாகச் சேர்க்க வேண்டும். சோப்பு காய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களின் மணம் அதற்குள் பெரும்பாலும் பறந்துவிடும். வெட்டிவேர் மட்டும் அசையாமல் நிற்கும். மற்ற வாசனைகளையும் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

இனிதான் முக்கியமான விஷயம். எவ்வளவு ஊற்றுவது?

"இயற்கைதானே, கூடப் போனால் என்ன?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அங்கேதான் தப்பு நடக்கிறது. புல் தைலத்தில் சிட்ரல், கிராம்புத் தைலத்தில் யூஜினால், ஆரஞ்சில் லிமோனின் என்று இருப்பவை எல்லாம் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை. சோப்பு, கிரீம் லேபிளில் தனியாகப் பெயர் போட வேண்டிய 26 வாசனைப் பொருட்களை ஐரோப்பிய யூனியன் 2003-லேயே பட்டியல் போட்டது. இவையும் அதில் உண்டு. 2023-ல் அந்தப் பட்டியல் 80-ஐத் தாண்டிவிட்டது.

ஒரு தடவை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. அப்புறம் அதே பொருள் ஷாம்பூவில் இருந்தாலும், பவுடரில் இருந்தாலும் அரிப்புதான்.

அதனால் சொட்டுக் கணக்கு வேண்டாம். பாட்டிலுக்குப் பாட்டில் சொட்டின் அளவு மாறும். சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்து ஊற்றுங்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு லாவெண்டர், வெட்டிவேர் என்றால் மொத்தமாக 20 கிராம் தாராளம். புல் தைலம் 10 கிராமோடு நிறுத்துங்கள். கிராம்புத் தைலம் 5 கிராமைத் தாண்டவே கூடாது; கலவையையும் அது வேகமாக இறுக்கிவிடும். பட்டைத் தைலம்? சமையலுக்குப் பட்டை நல்லது, சோப்புக்குத் தைலம் வேண்டவே வேண்டாம்.

பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். காற்றுப் பட்டுப் பழசாகிப்போன ஆரஞ்சு, லாவெண்டர் எண்ணெய்கள் புதுசைவிட அதிகமாக அரிப்பைக் கிளப்பும். பாதி காலியாகி வருஷக்கணக்கில் அலமாரியில் தூங்கும் பாட்டில் சோப்புக்கு ஆகாது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை, கரப்பான் உள்ளவர்கள், ஆஸ்துமாக்காரர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு வாசனையே சேர்க்காமல் நாலு கட்டி தனியாக ஊற்றி வையுங்கள். கர்ப்பூரம், நீலகிரித் தைலம் சேர்த்த சோப்பைக் குழந்தைகளிடம் கொண்டு போகவே வேண்டாம்.

மற்றவர்களும் எடுத்தவுடன் முகத்துக்குப் போடாதீர்கள். காய்ந்த சோப்பின் நுரையை முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை தடவி, கழுவிவிடுங்கள். ஒரு வாரம் பாருங்கள். பத்து நிமிஷத்தில் 'ஒண்ணும் ஆகலை' என்று முடிவு கட்டக்கூடாது. ஒவ்வாமை இரண்டு, மூன்று நாள் கழித்தும் தலை காட்டும். தடித்து, சிவந்து, அரித்தால் அந்த சோப்பை ஓரம் கட்டுங்கள். அரிப்பு அடங்காவிட்டால் தோல் டாக்டரிடம் போகும்போது சோப்பையும், சேர்த்த எண்ணெய் பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. மிச்ச எண்ணெயைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். நீலகிரித் தைலத்தைக் குழந்தை கொஞ்சம் குடித்தாலும் வலிப்பு வரலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.