சுக்குக் கஷாயமும் குடல் அடைப்பும்

இடுக்கி, பாலக்காடு எல்லை ஊர்களில் வயிறு மந்தமானால் சுக்குக் கஷாயம்தான் கைமருந்து. அதே சுக்குடன் ஜின்செங், ஜப்பானிய மிளகு, மால்ட்டோஸ் சேரும் ஒரு கலவை, சுமார் 1,800 ஆண்டுப் பழமையான சீன மருந்துக் குறிப்பிலிருந்து வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் அசைவு மந்தப்படும்போது ஜப்பானிய மருத்துவமனைகள் இதை 'டைகென்சூட்டோ' என்ற பெயரில் தருகின்றன. அப்படியானால் குடல் அடைப்புக்கும் வீட்டுக் கஷாயமே போதாதா? போதாது. அங்கே பரிசோதித்து, அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். நாம் கண்ணளவில் கொதிக்க வைக்கிறோம். குடலிறக்கமோ முறுக்கமோ பாதையை முழுக்க மூடியிருந்தால் பேதி மருந்து, விளக்கெண்ணெய் உட்பட, அழுத்தத்தைக் கூட்டிக் குடலைக் கிழித்துவிடவும் கூடும். வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், காற்றும் பிரியாவிட்டால் கஷாய அடுப்பை அணைத்துவிட்டு உடனே கிளம்புங்கள். மலைப்பாதையில் ஆஸ்பத்திரி தூரம்.