கொள்ளிடத்தில் எத்தனை கன அடி?

ஆடி பிறந்தால் திருவானைக்காவல் டீக்கடைகளில் பேச்சு கன அடியில்தான். “மேட்டூர்ல எவ்வளவு தொறந்திருக்காங்க?” என்பார்கள். அதைவிட, ஆறு இரண்டாகப் பிரியும் முக்கொம்பின் கணக்கு முக்கியம். பாசனத் தண்ணீர் அங்கே காவிரிக்குப் போகும். மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்துக்கு. நாம் இருப்பது இரண்டுக்கும் நடுவில்.

விநாடிக்கு 10,000 கன அடி என்றால் ஏறத்தாழ 2.83 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரிகள் 23, ஒரே விநாடியில் கவிழ்கிற கணக்கு. ஆனால் ஆளைச் சாய்ப்பது வேகம். அது இரு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்காகும். நேற்று நின்று குளித்த அதே முழங்கால் தண்ணீர் இன்று காலை வாரிவிடும். வெள்ளம் பாலத்தூணைச் சுற்றிச் சுழன்று அடிமணலையும் பறிக்கும். 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

மீன் பிடிப்பவர்களுக்கோ மதகடிதான் சொர்க்கம். எதிரேறி வரும் மீன் அங்கே தடைபட்டுக் கூடும். நுரைத்து விழும் நீரில் ஆக்சிஜனும் அதிகம். ஆபத்தும் அங்கேயேதான். விழும் நீர் அடியில் உருண்டு, மேல்மட்டத்தில் சுவரை நோக்கித் திரும்பி வருகிறது. பரிசலை இழுப்பது அதுதான். காற்று கலந்த நுரைக்கு அடர்த்தி குறைவு. நீச்சல் தெரிந்தவரையும் அது சரியாக மிதக்கவிடாது.

ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடியபின் கதையே வேறு. கொள்ளிடம் மடுக்களாகச் சுருங்கும், மீன்களும் அங்கே ஒதுங்கும். சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். குளிர்நீர் கேட்கும் ட்ரவுட் நீலகிரி ஓடைகளோடு நின்றுவிட்டது இதனால்தான்; நம்மூர்க் கெண்டையும் விராலும் தாங்கும். பாசி மண்டிய மடுவில் விடியும் முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவு, இரவெல்லாம் பாசியும் அதைச் சுவாசிக்கிறதே! மீன் மேலே வந்து வாய் பிளப்பது அப்போதுதான்.

வலையோ பரிசலோ எடுக்குமுன் முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தண்ணீர் வற்றிய காலத்திலும் மணல் அள்ளிய குழிகளை நினைவில் வையுங்கள். கலங்கல் நீரில் அவை தெரியாது.