தந்தையின் துணிவு

வேங்கிக்காலிலுள்ள திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்குத் திங்கட்கிழமைகளில் மனுவோடு வருவோருள், பிள்ளையின் மேற்படிப்புக்கு உதவி கோரும் பெற்றோரும் உண்டு. வறுமையிலும் படிப்பை நிறுத்தாத அவ்வுறுதியின் பயனை நாம் அறிதல் வேண்டும்.

குமரி மாவட்டம் சரக்கல்விளையில் 1957-இல் விவசாயியின் மகனாகப் பிறந்த திரு. கை. சிவன், அரசுப் பள்ளியில் தமிழிலேயே கற்றார். வயல் வேலைக்கும் உதவட்டுமென்று தந்தையார் அவரை அருகிலிருந்த கல்லூரியில் சேர்த்தார். மகனின் பொறியியல் ஆர்வம் தணியாமை கண்டு, பின்னர் நிலத்தை விற்றேனும் படிக்க வைக்கத் துணிந்தார். 1980-இல் விமானப் பொறியியல் பட்டம் பெற்ற சிவன், 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக விளங்கினார்.

எல்லோரும் நிலத்தை விற்க வேண்டுவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அவர்களோடு கூடி, பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டிற்குச் சென்று காரணம் விசாரித்தல் நலம். பெற்றோரின் நம்பிக்கைக்கு ஊரும் துணைநிற்பது நமது கடமையாகும்.